கத்தரி வருவதற்கு முன்பே வெட்டுப்படும் காட்சிகள்

படம் முடிந்துவிட்டது என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னால் கோடம்பாக்கத்தில் அடுத்து வரும் கேள்வி, “சென்சார் ஆயிடுச்சா?” என்பதுதான். ஆகிவிட்டது என்றால், “யு-வா, யு/ஏ-வா?” யு எல்லோருக்கும், யு/ஏ பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர்களுக்கும், ஏ பெரியவர்களுக்கு மட்டும். “ஏ” என்று பதில் வந்தால் பேச்சு படத்தை விட்டுவிட்டு வியாபாரத்துக்குத் தாவிவிடும். டிவி உரிமை என்ன ஆகும், குடும்பத்தோடு வருகிற கூட்டம் எவ்வளவு குறையும், எந்த இடத்தை எடுத்தால் யு/ஏ கொடுப்பார்கள் என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

வன்முறை, பாலுறவு, சாதிக் கொடுமை, காவல் நிலையச் சித்திரவதை போன்றவற்றை உள்ளபடி காட்ட முயலும் படங்களைப் பற்றி நம் ஊரில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் கத்தரியைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை கட், எந்த வசனம் மியூட், எந்தக் காட்சி பிளர் என்பதெல்லாம் செய்தியாகிறது. ஆனால் ஒரு படத்தில் உண்மை எவ்வளவு தங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தச் சான்றிதழ் எழுத்துக்கு இருக்கும் விலை. விலை தெரிந்த தயாரிப்பாளர் கதை விவாதத்திலேயே காட்சியை மழுக்கிவிடுகிறார். அப்படி மழுங்கிய காட்சி எந்தக் குழுவின் பார்வைக்கும் போவதில்லை, எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. இதை விளங்கிக்கொள்ளச் சட்டம், சில வழக்குகள், வரி, டிவி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நடைமுறை. இந்தியத் திரையரங்கில் ஓடும் எந்தப் படமும் 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி முன்கூட்டியே சான்றிதழ் பெற்றாக வேண்டும். தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் மத்தியத் திரைப்படச் சான்றளிப்பு வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போகும். ஒரு அதிகாரியும், மத்திய அரசு நியமித்த ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு பேரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் சொல்வதைத் தயாரிப்பாளர் ஏற்காவிட்டால் மறுஆய்வுக் குழு. அதையும் ஏற்காவிட்டால் முன்பு தில்லியில் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதை மத்திய அரசு கலைத்துவிட்டது. இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான்.

குழுவின் கையில் இருக்கும் வழிகாட்டு நெறிகள் 1991 டிசம்பரில் வெளியானவை. அவற்றுக்குள்ளேயே ஒரு இழுபறி இருக்கிறது. படத்தை முழுமையாகப் பார்த்து, அது மொத்தத்தில் ஏற்படுத்தும் தாக்கத்தை வைத்து, கதை நடக்கும் காலத்தையும் கருத்தில் கொண்டு மதிப்பிட வேண்டும் என்கிறது ஒரு பகுதி. இரட்டை அர்த்த வசனம் கூடாது, பெண்களை இழிவுபடுத்தும் காட்சி கூடாது, பாலியல் வன்முறை கதைக்குத் தவிர்க்க முடியாததாக இருந்தாலும் விவரமாகக் காட்டக் கூடாது என்று இனம் இனமாக அடுக்குகிறது இன்னொரு பகுதி. நாலு பேர் ஒருமுறை பார்த்துவிட்டு அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் எது சுலபம்? முழுப் படத்தின் நோக்கத்தை எடைபோடுவதைவிட, பட்டியலில் இருப்பதை நொடிக்கணக்கில் குறித்துக்கொள்வது சுலபம். அதனால்தான் கட் லிஸ்ட் என்பது எப்போதும் நொடிகளிலும் சொற்களிலும் பேசுகிறது. கேமரா அந்தக் கொடுமையை எந்தக் கண்ணோடு பார்த்தது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1918இல் வெள்ளையர் அரசு முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் காவல்துறைத் தலைமையின் கீழ் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அன்று அவர்களுக்கு முத்தக் காட்சி பெரிய தலைவலி அல்ல. 1933இல் வந்த ‘கர்மா’வில் தேவிகா ராணியும் ஹிமான்ஷு ராயும் முத்தமிட்டுக்கொண்டார்கள். அரசு பயந்தது தேசியக் கருத்துக்கு. கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’ 1939இல் வெளியாகி ஓடிய பிறகு தடை செய்யப்பட்டது. சுதந்திரம் வந்தபின் 1951இல் மத்திய வாரியம் அமைந்தபோது பயத்தின் முகம் மாறியது. ஒழுக்கம் முன்னுக்கு வந்தது. அந்த ஆண்டில் வந்த எம்.ஜி.ஆரின் ‘மர்மயோகி’ ஏ சான்றிதழ் வாங்கியது, அதுவும் படத்தில் வந்த ஆவிக் காட்சிகளுக்காக. ஏ என்றாலே ஆபாசம் என்ற எண்ணம் அப்போது இல்லை. அது பின்னாளில் சுவரொட்டிகளும் சில தியேட்டர்களும் சேர்ந்து உண்டாக்கியது. 1983இல் வாரியத்தின் பெயரில் ‘தணிக்கை’ போய் ‘சான்றளிப்பு’ வந்தது, யு/ஏ என்ற நடுவகையும் சேர்ந்தது. வெட்டச் சொல்லும் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

இதற்கிடையில் நீதிமன்றங்கள் சொன்னவை முக்கியமானவை. கே.ஏ. அப்பாஸ் ஒரு குறும் ஆவணப்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி என நான்கு நகரங்களில் பணக்காரர் வாழ்வையும் ஏழைகளின் அவலத்தையும் எதிரெதிரே வைத்த படம். அதில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி சில நொடிகள் வரும். அதற்காக ஏ கொடுத்தார்கள், அந்தக் காட்சிகளை எடுத்தால் யு தருவதாகச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து வெட்டில்லாமல் யு தரச் சம்மதித்தது. அவர் விடவில்லை, முன்தணிக்கையே செல்லாது என்று வாதிட்டார். 1970இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு அவருக்குப் பாதிதான் சாதகம். சினிமா கண்ணையும் காதையும் ஒருசேரத் தாக்கும் கலை என்பதால் முன்தணிக்கை செல்லும் என்றது. அதே தீர்ப்பு, பாலுறவும் ஆபாசமும் ஒன்றல்ல, பாலுறவைக் காட்டினாலே ஆபாசம் என்று கொள்வது தவறு என்றும், வாழ்க்கையை அதன் குறைகளோடு காட்டக் கலைக்குப் பெரிய இடம் விட வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டே நீதிபதி ஜி.டி. கோஸ்லா தலைமையிலான குழு, கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்று அறிக்கை கொடுத்திருந்தது. 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய அந்தப் படத்தின் யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஒரு படத்தால் ஆபத்து என்றால் அது வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறி போல உடனடியானதாக இருக்க வேண்டும், யாரோ கலவரம் செய்வார்கள் என்ற மிரட்டலுக்குப் பணிந்து பேச்சுரிமையைப் பறிக்க முடியாது என்று கூறி உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது.

இந்த வரிசையில் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியது ‘பேண்டிட் குயின்’ வழக்கு. உண்மையைக் காட்டுவது பற்றிய எல்லா முடிச்சுகளும் அதில் இருக்கின்றன.

சேகர் கபூர் இயக்கிய அந்தப் படம் சம்பல் கொள்ளைக் கூட்டத் தலைவியாக இருந்த பூலான் தேவியின் வாழ்க்கை. அதில் ஒரு காட்சி. ஊர் நடுவே பூலானின் உடைகளைக் களைகிறார்கள். நிர்வாணமாக நடத்திக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் இறைக்க வைக்கிறார்கள். சுற்றி நூறு ஆண்கள் நின்று பார்க்கிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் படத்துக்கு ஏ கொடுத்தது. அதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது.

தீர்ப்பில் அந்தக் கிணற்றுக் காட்சியை நீதிபதிகள் எடுத்துப் பேசிய விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. எத்தனை நொடி நிர்வாணம் என்று அவர்கள் எண்ணவில்லை. அந்த ஆண்கள் அவளைத் துகிலுரிப்பது அவமானப்படுத்துவதற்காக, அந்த அவமானம் அவளை என்ன செய்தது என்பதை இதைக் காட்டாமல் வேறெப்படியும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது, பார்ப்பவருக்கு இச்சை வராது, அருவருப்பும் அவள்மேல் இரக்கமும்தான் வரும் என்று எழுதினார்கள். வக்கிரமானவர்களிடமிருந்து காப்பதற்காகவோ, மிகையாகக் கூசுகிறவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகவோ தணிக்கை செய்வதில்லை என்றும் சொன்னார்கள். ஒரு காட்சி யார் பக்கம் நிற்கிறது என்று கேட்டது அந்தத் தீர்ப்பு. 1991 நெறிகளின் பட்டியல் கேட்கத் தவறுவது அதைத்தான்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1994இல் அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி முதலில் நீதிமன்றம் போனவர்களில் பூலான் தேவியே ஒருவர். தன் வாழ்க்கையைத் தன்னிடம் காட்டாமல், தன் சம்மதமின்றி, தான் வல்லுறவுக்கு ஆளானதை உலகத்துக்குக் காட்டுகிறார்கள் என்பது அவர் குறை. அருந்ததி ராய் அப்போது அவருக்காகக் கடுமையாக எழுதினார். பிறகு சமரசம் ஆனது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் நாடாளுமன்றத் தேர்தல் களத்தில் இருந்தார், அந்த ஆண்டே மிர்சாபூரிலிருந்து உறுப்பினரானார்.

உண்மையைக் காட்டும் உரிமைக்காகப் பேசுகிற நாம் பூலானின் குறையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அரசு அனுமதி ஒரு கேள்வி. யாருடைய உடலும் வாழ்க்கையும் திரையில் விரிகிறதோ அவருடைய அனுமதி இன்னொரு கேள்வி. 1972இல் வந்த ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ படத்தில் ஒரு வல்லுறவுக் காட்சியின் முக்கிய விவரத்தை நடிகை மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சொல்லாமலே படமெடுத்ததாக இயக்குநர் பெர்டொலுச்சி பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவளுடைய நிஜமான அவமான உணர்ச்சி வேண்டும் என்பதற்காக! உலகில் எந்தத் தணிக்கை வாரியமும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் திரையில் தெரிவதை மட்டும்தான் வாரியங்கள் பார்க்கின்றன. நெருக்கமான காட்சிகளுக்கு இன்டிமசி கோஆர்டினேட்டர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தியாவிலும் மெல்ல வந்துகொண்டிருப்பது இதனால்தான். நடிகையோடு முன்கூட்டியே பேசி, எது தெரியும், எது தெரியாது, கை எங்கே படும் என்று ஒப்புக்கொண்டு எடுக்கிற காட்சி திரையில் கொஞ்சமும் பொய்யாகத் தெரிவதில்லை.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ படத்துக்கு இங்கே 52 இடங்களில் வெட்டு கேட்டார்கள். வடசென்னை ரவுடிகளின் ஒரே நாளைச் சொல்லும் படம். அந்த மனிதர்கள் பேசுகிற மொழியில் வசவு இல்லாவிட்டால் அவர்கள் யாராகவும் இருக்க மாட்டார்கள். படக்குழு தில்லித் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2011 ஜூனில் ஏ சான்றிதழோடு படம் வந்தது. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த படத்தொகுப்பு என்று இரண்டு தேசிய விருதுகளை வாங்கியது. 52 வெட்டோடு வந்திருந்தால் எடிட்டிங்குக்கு விருது வாங்கியிருக்குமா என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தீர்ப்பாயம் இன்று இல்லை என்பதன் வலி சிறிய தயாரிப்பாளருக்குத்தான் தெரியும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஃபைனான்ஸ் வாங்கி எடுக்கப்படுபவை. வட்டி நாள்கணக்கில் ஏறும். ரிலீஸ் தேதி அறிவித்து, தியேட்டர் பேசி, விளம்பரமும் கொடுத்த பிறகு “இந்த எட்டு இடத்தை எடுத்தால் யு/ஏ” என்று சொன்னால், உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுக் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? எடுத்துவிடுகிறார்கள். எடுக்கச் சொன்னது சட்டப்படி சரியா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. பெரிய பேனர்களாலும் பிடிவாதமான சில இயக்குநர்களாலும் மட்டுமே நீதிமன்றப் படி ஏற முடிகிறது.

சான்றிதழ் எழுத்தின் விலைக்குத் தமிழ்நாடு அரசும் ஒரு காலத்தில் நேரடியாகப் பொறுப்பாக இருந்தது. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அறிவித்தார்கள். 2011இல் அந்த விலக்குக்கு யு சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. வரி 30 சதவீதம். ஒரு யு/ஏ படமும் யு படமும் ஒரே அளவு ஓடினாலும் யு படத்தின் தயாரிப்பாளருக்குக் கையில் தங்குவது கணிசமாக அதிகம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை ஆறு ஆண்டுகள் இது நீடித்தது. அந்த ஆண்டுகளில் கதை கேட்க உட்காரும்போதே “யு வருமா?” என்ற கேள்வி முதல் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த வன்முறையைப் பற்றிய கதையை, ஒரு ஆணவக் கொலையைப் பற்றிய கதையை யு சான்றிதழுக்குள் எப்படிச் சொல்வது? சொல்லலாம், ரத்தம் தெரியாமல், அழுகை நீளாமல், கொன்றவன் சாதியைச் சொல்லாமல். அப்படிச் சொல்லப்பட்ட படங்களை நாம் பார்த்தோம். எழுதப்படாமல் போனவை நமக்குத் தெரியாது.

வரி போனாலும் டிவி இருக்கிறது. ஏ சான்றிதழ் படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. ஆகவே தியேட்டரில் ஏ வாங்கிய படங்களை மறுபடி வெட்டி, யு/ஏ-வாக மாற்றிச் சாட்டிலைட்டுக்குக் கொடுப்பது தொழிலில் சகஜம். 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தொலைக்காட்சிக்கென்று தனிச் சான்றிதழுக்கு வழி செய்து, இந்த வழக்கத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. எல்லாப் படத்துக்கும் இந்தக் கதவு திறப்பதும் இல்லை. ரத்தம் கொட்டும் மலையாளப் படமான ‘மார்கோ’வுக்கு 2025இல் அப்படி மாற்றித்தர வாரியம் மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரஜினிகாந்தின் ‘கூலி’ வன்முறைக்காக ஏ சான்றிதழோடு வந்தது. ரஜினி படத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாதா என்று வீடுகளில் எழுந்த கேள்வியின் வியாபாரக் கனம் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யு/ஏ கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். மனு தள்ளுபடி ஆனது. இதே அளவு வன்முறை கொண்ட வேறு படங்களுக்கு யு/ஏ கொடுத்தீர்களே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சரியான பதில், அந்த வேறு படங்களுக்கும் ஏ கொடுத்திருக்க வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும்.

ஏனென்றால் வன்முறையின் எடை பற்றி நம் வழக்கத்தில் ஒரு பெரிய கோணல் இருக்கிறது. நாயகன் நாற்பது பேரை வெட்டிச் சாய்க்கிறான், ஒருவனுக்கும் வலிப்பதில்லை, பின்னணியில் பாட்டு, தியேட்டரில் விசில். இது பல ஆண்டுகளாக யு/ஏ-வில் சிறுவர்கள் முன்னால் ஓடியிருக்கிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ போன்ற படத்தில் ஒரு லத்தி அடி விழுகிறது, அடி வாங்கியவனின் உடம்பு அடுத்த காட்சியிலும் அதற்கடுத்த காட்சியிலும் அந்த வலியைச் சுமக்கிறது. எண்ணிக்கையில் முதல் படத்தில்தான் சாவு அதிகம். மனதை அறுப்பது இரண்டாவது. வலியில்லாத வன்முறையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அடி என்பது விளையாட்டு. வலிக்கிற வன்முறை அடித்தவன்மேல் வெறுப்பைத் தருகிறது. மென்மையாகக் காட்டினால் பாதுகாப்பு, உள்ளபடி காட்டினால் ஆபத்து என்ற அனுமானம் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

பாலியல் வன்முறையிலும் இதே கதைதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வில்லன் கதவைச் சாத்துவான், புடவைத் தலைப்பு சரியும், கேமரா அவன் சிரிப்பிலும் அவள் உடம்பிலும் மாறிமாறி மேயும், கடைசியில் விளக்கு அணையும். விவரம் எதுவும் காட்டவில்லை, ஆகவே விதிப்படி குற்றமில்லை. ஆனால் அந்தக் கேமரா வில்லன் பக்கம் நின்றது. பார்வையாளனையும் அவன் பக்கம் நிறுத்தியது. கிணற்றடியில் நின்ற கேமரா பூலான் பக்கம் நின்றது. விதிப்புத்தகத்தில் முதலாவது கண்ணியம், இரண்டாவது பிரச்சினை.

திரையில் நடக்கும் சிறு வெட்டுகள் உண்மையை எப்படித் தின்கின்றன என்பதை மியூட்டை வைத்தே சொல்லலாம். ஒரு வசவை மியூட் செய்யும்போது ஒலிக்கலவையில் வசனத்தின் தடத்தை மட்டும் எடுப்பார்கள். உதடு அசையும், பின்னால் இசை போகும், குரல் மட்டும் அறுந்துவிழும். அந்த உதட்டசைவைப் படிக்கத் தெரியாத தமிழன் இல்லை. தியேட்டரே அந்தச் சொல்லைப் பூர்த்தி செய்து சிரிக்கும். கோபத்தின் உச்சத்தில், அழுதுகொண்டே ஒருவன் சொல்லும் வசவு சிரிப்பாக மாறிவிடுகிறது. காட்சி அங்கேயே செத்துவிட்டது. அவசரத்தில் செய்த மியூட்டில் இசையும் சேர்ந்து அறுபடும், ஒரு நொடி அரங்கமே காது அடைத்ததுபோல் ஆகிவிடும். யாரைக் காப்பாற்ற இது? ஏ படத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். சட்டப்படி அப்படித்தான், மீறினால் தியேட்டர்காரருக்கு அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் அரங்கில் தெருவில் தினமும் கேட்கிற சொல்லை மறைக்கிறோம். அதே சமயம் வாசலில் வயது பார்க்காமல் மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிவருபவரை உள்ளே விடுகிறோம்.

சிகரெட் எச்சரிக்கை இன்னொன்று. 2012 அக்டோபரிலிருந்து புகைக்கும் காட்சி வந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை ஓட வேண்டும். உடல்நல நோக்கத்தில் எனக்குக் குறையில்லை, படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் விளம்பரம் போடுவதையும் ஏற்கலாம். மகனைப் பறிகொடுத்தவர் இருட்டில் பீடி பற்றவைக்கும் காட்சியின் குறுக்கே அந்த எழுத்து வந்து நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வுடி ஆலன் 2013இல் இதற்காகவே ‘ப்ளூ ஜாஸ்மின்’ படத்தை இந்தியாவில் வெளியிட மறுத்தார்.

வாரியம் விட்ட பிறகும் வெட்டு நிற்பதில்லை. ‘விஸ்வரூபம்’ சான்றிதழ் வாங்கிய படம், 2013இல் மாநில அரசு மாவட்ட ஆட்சியர்கள் வழியாகத் தடை போட்டது, சில இடங்களை மியூட் செய்ய ஒப்புக்கொண்ட பிறகே பிப்ரவரியில் வெளிவந்தது. ‘வடசென்னை’ 2018இல் ஏ சான்றிதழோடு வந்தது. படகில் நடக்கும் முதலிரவுக் காட்சி தங்கள் தொழிலை இழிவுபடுத்துகிறது என்று மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்துக் காட்சியை எடுத்தார். இவை இரண்டும் ஒன்றல்ல. அரசு தன் பலத்தால் நிறுத்துவதும், எந்த மக்களைப் பற்றிப் படமெடுத்தோமோ அவர்கள் காயப்பட்டதாகச் சொல்லும்போது இயக்குநர் கேட்பதும் வேறு வேறு. இரண்டாவதில் பூலானின் குரலைப் போன்ற ஒன்று இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு எதிர்ப்புக்கும் காட்சியை எடுக்க ஆரம்பித்தால் எந்தச் சாதியைப் பற்றியும் எந்த ஊரைப் பற்றியும் படம் எடுக்க முடியாது என்பதும் உண்மை. இதற்கு எளிய சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை.

இன்று கத்தரி அதிகம் தேடுவது உடம்பை அல்ல என்றே தோன்றுகிறது. சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’ வட இந்தியாவில் ஒரு பெண் காவலர் வழியாகச் சாதியையும் காவல் வன்முறையையும் பேசும் படம். பிரிட்டன் அதை ஆஸ்கருக்குத் தன் சார்பில் அனுப்பியது. இந்தியாவில் வாரியம் கேட்ட வெட்டுகள் படத்தையே அழித்துவிடும் என்று இயக்குநர் சொல்ல, 2025 மார்ச்சில் திரையரங்க வெளியீடு நின்றுபோனது. கோபி நயினார் இயக்கி வெற்றிமாறன் தயாரித்த ‘மனுஷி’, காவல் விசாரணையில் சிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. 37 இடங்களுக்கு வாரியம் ஆட்சேபம் சொன்னது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போய், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் நேரில் படத்தைப் பார்க்க வேண்டி வந்தது. ஒரு நீதிபதி தன் நேரத்தை ஒதுக்கி இதைச் செய்தது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நீதிபதி கிடைப்பாரா?

ஓடிடி வந்தபோது இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். அங்கே முன்தணிக்கை இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி தளங்களே வயது வகை போட்டுக்கொள்ளலாம். கொஞ்ச காலம் நல்ல கதைகள் வந்தன. பிறகு வழக்குகளும் புகார்களும் வர, தளங்களின் சட்டப் பிரிவுகள் கதையைப் படிக்க ஆரம்பித்தன. அங்கே மறுக்கப்படும் கதைக்குக் கட் லிஸ்ட்கூடக் கிடையாது, எதற்காக மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கவும் முடியாது. வாரியத்தின் உத்தரவையாவது நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

2016இல் ஷியாம் பெனகல் தலைமையிலான குழு ஒரு வழி சொன்னது. வாரியம் வயது வகை மட்டும் கொடுக்கட்டும், வெட்டும் வேலை அதற்கு வேண்டாம், யு/ஏ-வைப் பிரிக்கலாம், பெரியவர்களுக்கான வகையிலும் கூடுதல் எச்சரிக்கையோடு ஒரு பிரிவு வைக்கலாம் என்பது அதன் சாரம். 2023இன் திருத்தத்தில் யு/ஏ-வை 7, 13, 16 என்று பிரித்தார்கள். வெட்டும் அதிகாரத்தைத் தொடவில்லை. பாதி மருந்து. யு/ஏ 16 என்று போட்டாலும் அது பெற்றோருக்கான அறிவுரைதான், பத்து வயதுப் பிள்ளை பெற்றோரோடு வந்தால் தியேட்டர் தடுக்க முடியாது.

என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியவை பெரிய தத்துவ மாற்றங்கள் அல்ல. ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை இரவு பதினொரு மணிக்கு மேல் வெட்டாமல் டிவியில் காட்ட அனுமதிக்கலாம். அந்த ஒரு மாற்றத்தால் ஏ எழுத்தின் விலை பாதியாகிவிடும், கதை விவாதத்தில் “யு/ஏ வருமா?” என்ற கேள்வி பின்னுக்குப் போகும். கலைத்த தீர்ப்பாயத்தைச் சென்னையிலும் ஓர் அமர்வோடு திரும்பக் கொண்டுவந்து, இத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு வைக்கலாம். ஏ கொடுத்த படத்தில் மியூட் கேட்கக் கூடாது என்று ஒரே வரியில் விதி எழுதலாம். தியேட்டர் வாசலில் வயதைக் கேட்கும் பழக்கத்தை உண்மையிலேயே தொடங்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. முதல் மூன்றையும் டெல்லி செய்ய வேண்டும். நான்காவதை நாளைக் காலைக் காட்சியிலிருந்தே தியேட்டர்கள் ஆரம்பிக்கலாம், அதற்கான சட்டம் எப்போதோ எழுதியாயிற்று.